ஃபுல் கவரேஜ் இருந்தும் ‘மிச்சம் உங்கள் பொறுப்பு’ என்று கடிதம் வருவது ஏன்?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மேலோட்டமாக நான்கு விஷயம் கேட்டிருக்கிறீர்கள்: டெக்சஸில் ‘ஸ்டேட் மினிமம்’, அதாவது சட்டம் கேட்கும் குறைந்தபட்ச இன்சூரன்ஸ், இருந்தால் போதாதா, ‘ஃபைனான்ஷியல் ரெஸ்பான்சிபிலிட்டி’ என்றால் என்ன, எஸ்ஆர்-22 எடுக்கச் சொல்வார்களா, ஜனவரியில் கலிஃபோர்னியா போனால் என்ன மாறும். இந்த நான்குக்கும் அடியில் ஒரே கவலைதான் இருக்கிறது. மூன்று வாரம் முன்பு இர்விங் பக்கம் ஃப்ரீவேயில் முன்னால் போன பிக்கப் சட்டென்று பிரேக் போட, நீங்கள் அதன் பின்னால் இடித்துவிட்டீர்கள். பிக்கப் தனக்கு முன்னால் நின்ற காரை இடித்தது. மூன்று பேருக்கு அடி. இப்போது உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியே கடிதம் அனுப்பியிருக்கிறது: க்ளெய்ம் தொகை பாலிசி வரம்பைத் தாண்டக்கூடும், தாண்டினால் மிச்சத்துக்கு நீங்களே பொறுப்பாக நேரிடும், விரும்பினால் சொந்தச் செலவில் வக்கீல் வைத்துக்கொள்ளலாம். ஃபுல் கவரேஜ் எடுத்தும் கையிலிருந்து பணம் போகுமா என்பதுதானே நீங்கள் கேட்பது?

போகலாம். ஆனால் கடிதத்தைப் படித்துவிட்டு நீங்கள் தூங்காமல் கிடந்த அளவுக்கு அதற்கு வாய்ப்பில்லை. டாலஸ் வட்டாரத்தில் 11 வருடம் ஆட்டோ க்ளெய்ம் அட்ஜஸ்டராக, அதாவது க்ளெய்மை விசாரித்துத் தொகையை முடிவு செய்யும் இன்சூரன்ஸ் கம்பெனி ஆளாக இருந்தேன். இந்த மாதிரிக் கடிதத்துக்கு எங்கள் ஆபீஸில் ‘எக்ஸஸ் லெட்டர்’ என்று பெயர். நானே எத்தனையோ பேருக்கு அனுப்பியிருக்கிறேன். இப்போது பாலிசி விற்கும் பக்கத்துக்கு வந்துவிட்டேன். நான் வக்கீல் இல்லை. எந்த இடத்தில் வக்கீல் தேவைப்படும் என்பதை மட்டும் நன்றாகவே தெரிந்து வைத்திருக்கிறேன், அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

முதலில் அந்த ‘ஃபுல் கவரேஜ்’. எந்தப் பாலிசியிலும் அப்படி ஒரு பெயர் அச்சிடப்பட்டிருக்காது. கார் லோன் கொடுத்த பேங்க், லோன் தீரும்வரை வண்டிக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று கொலிஷனும் (மோதலில் உங்கள் வண்டிக்கு வரும் சேதத்துக்கு) காம்ப்ரிஹென்சிவும் (திருட்டு, தீ மாதிரி மற்ற சேதத்துக்கு) எடுக்கச் சொல்லும். இவை இரண்டும் சேர்ந்துவிட்டால் டீலர், ஏஜென்ட், நம் வாட்ஸ்அப் குழு எல்லாரும் அதை ஃபுல் கவரேஜ் என்று சொல்லிவிடுகிறார்கள். உங்கள் காரைப் பொறுத்தவரை ஃபுல்தான். நீங்கள் யாரை இடித்தீர்களோ அவர்களுக்கு எவ்வளவு என்பது வேறு வரி. பாலிசியின் முதல் தாள், டெக்லரேஷன்ஸ் பேஜ், அதை எடுங்கள். ‘பாடிலி இன்ஜுரி லயபிலிட்டி’ (அடுத்தவர் காயத்துக்கான பொறுப்பு) என்ற வரிக்கு நேரே 30,000/60,000 என்றும், ‘ப்ராப்பர்ட்டி டேமேஜ்’ (அடுத்தவர் சொத்துச் சேதம்) என்ற வரிக்கு நேரே 25,000 என்றும் இருக்கும். 30/60/25 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். டெக்சஸில் 2011-லிருந்து சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் அதுதான். அதற்குமேல் ஒரு டாலர்கூட நீங்கள் வாங்கவில்லை.

இந்த மூன்று எண்களும் வேலை செய்யும் விதத்தைக் கணக்காகப் பார்த்தால்தான் புரியும். அடிபட்ட ஒருவருக்கு அதிகபட்சம் 30,000 டாலர். எத்தனை பேர் அடிபட்டாலும் அந்த ஒரு விபத்துக்கு மொத்தம் 60,000. அடுத்தவர்களின் வண்டி, வேலி, விளக்குக் கம்பம் எல்லாம் சேர்த்து 25,000. உங்கள் விபத்தில் வந்த பில்கள் எனக்குத் தெரியாது, அதனால் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: பிக்கப் ஓட்டியவருக்கு ஆஸ்பத்திரிச் செலவும் வலி வேதனைக்கான தொகையும் சேர்ந்து 70,000, காரில் இருந்த இருவரில் ஒருவருக்கு 20,000, இன்னொருவருக்கு 15,000. பிக்கப்காரருக்கு 30,000-க்கு மேல் கம்பெனி கொடுக்காது, அங்கே 40,000 நிற்கிறது. 30,000, 20,000, 15,000 என்று கூட்டினால் 65,000 வருகிறது. மொத்த வரம்பு 60,000 என்பதால் இன்னொரு 5,000 நிற்கிறது. பிக்கப் டோட்டல் லாஸ், அதாவது சரிசெய்வதில் பயனில்லை என்று ஆகி 34,000, காரின் ரிப்பேர் 9,000 என்றால் 43,000, கொடுப்பது 25,000. ஆக, அந்தரத்தில் 63,000 டாலர். இதில் மிகைப்படுத்தல் ஏதுமில்லை. ஒரு இரவு ஐசியூவில் இருந்தால் என்ன பில் வரும் என்பது இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். புதிய பிக்கப் ஒன்றின் விலையே 25,000 டாலரில் அடங்காது.

நம்மூரிலிருந்து வந்தவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தியாவில் 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி ‘தேர்ட் பார்ட்டி’ எடுத்துவிட்டால், அடுத்தவருடைய உயிருக்கோ உடம்புக்கோ நேர்ந்த சேதத்துக்குத் தொகை வரம்பே கிடையாது. ட்ரிப்யூனல் 10 லட்சம் போட்டாலும் 1 கோடி போட்டாலும் கம்பெனிதான் கட்ட வேண்டும். வரம்பு இருப்பது சொத்துச் சேதத்துக்கு மட்டும், கார் பாலிசிகளில் வழக்கமாக 7.5 லட்சம். அந்தப் பழக்கத்தில் ‘சட்டப்படி வேண்டியது இருக்கிறது, இனி கம்பெனி பார்த்துக்கொள்ளும்’ என்று நாம் நினைத்துவிடுகிறோம். அமெரிக்காவில் சட்டம் கேட்பதும் நீங்கள் கடன்படுவதும் இரண்டு தனித்தனிக் கணக்கு. நஷ்டஈடு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது அடிபட்டவருடைய காயம். மினிமம் அதில் எவ்வளவை உங்களுக்காகக் கம்பெனி கட்டும் என்பதை மட்டும்தான் சொல்கிறது.

‘ஃபைனான்ஷியல் ரெஸ்பான்சிபிலிட்டி’ என்ற பெயரே அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறது. 1925-ல் கனெக்டிகட் கொண்டுவந்த சட்டத்தில் ‘எல்லாரும் இன்சூரன்ஸ் எடு’ என்று இல்லை. ‘இடித்தால் கொடுக்க உன்னிடம் வழி இருக்கிறதா, காட்டு’ என்றுதான் கேட்டார்கள், அதையும் விபத்து நடந்த பிறகுதான் கேட்டார்கள். முதல் விபத்தில் அடிபட்டவனுக்கு ஒன்றும் கிடைக்காது என்ற ஓட்டை அதில் இருந்தது. மாசசூசெட்ஸ் 1927-லிருந்து வண்டியைப் பதிவு செய்யும்போதே இன்சூரன்ஸ் கட்டாயம் என்று ஆக்கியது. மற்ற ஸ்டேட்கள் மெதுவாகப் பின்னால் வந்தன. நியூ ஹாம்ப்ஷயர் இன்றுவரை வரவில்லை. அங்கே இன்சூரன்ஸ் கட்டாயமில்லை, இடித்தால் கொடுக்கும் பொறுப்பு மட்டும் உண்டு. வர்ஜீனியாவில் 2024 நடுப்பகுதிவரை 500 டாலர் கட்டணம் கட்டிவிட்டு இன்சூரன்ஸே இல்லாமல் ஓட்ட முடிந்தது. டெக்சஸ் சட்டத்திலும் இன்சூரன்ஸ் பல வழிகளில் ஒன்றுதான்: ஷூரிட்டி பாண்ட் என்ற ஜாமீன் பத்திரம் கொடுக்கலாம், 55,000 டாலர் டெபாசிட் கட்டலாம். நான் பார்த்தவரை யாரும் அப்படிச் செய்ததில்லை, சட்டத்தில் இடம் இருக்கிறது, அவ்வளவுதான். இங்கே கவனிக்க வேண்டியது, மினிமம் என்பது குறைந்த வருமானக்காரனும் வாங்கக்கூடிய விலையில், அடிபட்டவனுக்கு ஏதோ கொஞ்சம் கிடைக்கட்டும் என்று சட்டசபை பேரம் பேசி வைத்த எண். வீடும் சேமிப்பும் உள்ள ஒருவருக்கு எவ்வளவு தேவை என்று யாரும் கணக்குப் போட்டு அந்த எண்ணுக்கு வரவில்லை.

இனி உங்கள் விபத்துக்கு வருவோம். தப்பு யாருடையது? பின்னால் இடித்தவன்மேல்தான் முழுத் தப்பு என்று டெக்சஸ் சட்டத்தில் எழுதி வைக்கவில்லை. யார்மீது எத்தனை சதவீதம் என்று பிரிப்பார்கள்; 50-க்கு மேல் தப்பு இருப்பவருக்கு நஷ்டஈடு கேட்கும் உரிமை இல்லை, அதற்குக் கீழே இருந்தால் அவர் பங்கு கழித்துக் கொடுப்பார்கள். பிக்கப்காரர் காரணமில்லாமல் பிரேக் போட்டார் என்று காட்ட உங்களிடம் டேஷ்கேம் வீடியோ இருந்தால் அதை இன்றே இரண்டு இடத்தில் சேமித்து அட்ஜஸ்டருக்கு அனுப்புங்கள். வீடியோ இல்லையென்றால், நடைமுறையில், பின்னால் வந்தவர் போதுமான இடைவெளி விடவில்லை என்றுதான் அட்ஜஸ்டர் எழுதுவார். நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

கம்பெனி உங்களைக் கைவிட்டுவிட்டது என்றுதான் அந்தக் கடிதத்தைப் படித்ததும் தோன்றும். அது சரியில்லை. நீங்கள் வாங்கிய லயபிலிட்டியில் இரண்டு பொருள் இருக்கிறது. ஒன்று மேலே சொன்ன தொகை. இன்னொன்று, உங்கள்மேல் வழக்கு வந்தால் உங்களுக்காக வக்கீல் வைத்து வாதாட வேண்டிய கடமை. அந்த வக்கீல் ஃபீஸ் 30/60/25-லிருந்து கழியாது. இதற்கு மேல் டெக்சஸில் ஒரு பழைய தீர்ப்பு உங்களுக்குத் துணையாக நிற்கிறது. 1929-ல் வந்த ஸ்டோவர்ஸ் தீர்ப்பு. ஒரு ஃபர்னிச்சர் கம்பெனி லாரியால் அடிபட்டவர் 4,000 டாலருக்குச் சமரசத்துக்கு வந்தார். பாலிசி வரம்பு 5,000. இன்சூரன்ஸ் கம்பெனி மறுத்தது. கோர்ட்டில் 14,000-க்கு மேல் தீர்ப்பானது. வரம்புக்குள் நியாயமாக முடிக்க வாய்ப்பு வந்தும் விட்டுவிட்டால், மிகுதியை இன்சூரன்ஸ் கம்பெனியே கட்ட வேண்டி வரும் என்று அந்த வழக்கிலிருந்து சட்டம் நிலைத்தது. இன்றும் எதிர்த்தரப்பு வக்கீலிடமிருந்து ‘ஸ்டோவர்ஸ் டிமாண்ட்’, அதாவது வரம்புக்குள் முடித்துக்கொள்ளக் கேட்கும் கடிதம், வந்தால் ஆபீஸில் மற்ற ஃபைலெல்லாம் ஓரமாகப் போய்விடும். கடைசித் தேதியைச் சிவப்பில் வட்டம் போட்டு சூப்பர்வைசர் மேஜையில் வைப்போம். இனி எதுவும் கேட்க மாட்டோம் என்று முழு விடுதலைப் பத்திரம் கொடுக்கிறார்கள், கேட்பது வரம்புக்குள் இருக்கிறது, காயமும் உண்மை என்றால் பெரும்பாலும் செக் போய்விடும். உங்கள் பெயர் அந்தக் க்ளெய்மிலிருந்து வெளியே வந்துவிடும்.

உங்கள் விஷயத்தில் சிக்கல், அடிபட்டவர்கள் மூன்று பேர் என்பது. ஒருவருடைய நியாயமான கோரிக்கையைத் தீர்த்ததால் மற்றவர்களுக்குப் பணம் குறைந்தாலும் கம்பெனிமீது குற்றமில்லை என்று டெக்சஸ் உச்ச நீதிமன்றம் 1994-ல் சொல்லியிருக்கிறது. முந்திக்கொண்டவருக்கு முழுதும் போய், பிந்தியவர் உங்களைப் பார்த்துத் திரும்பலாம். நான் வக்கீல் வேண்டும் என்று சொல்லும் இடம் இதுதான். வழக்கு நடத்த வேண்டியதில்லை, ஒரு மணி நேர ஆலோசனை போதும். அவர் உங்கள் சார்பில் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதுவார்: எல்லாக் க்ளெய்மையும் வரம்புக்குள் தீர்க்க வாய்ப்பு வந்தால் தீர்த்துவிடுங்கள், வரும் ஒவ்வொரு டிமாண்டையும் என் கட்சிக்காரருக்குத் தெரிவியுங்கள் என்று. அந்தக் கடிதம் ஃபைலில் ஏறிவிட்டால் அட்ஜஸ்டர் நடந்துகொள்ளும் விதமே மாறும்.

வரம்பைத் தாண்டி யார் துரத்துவார்கள்? எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பார்ப்பது உங்களிடம் என்ன இருக்கிறது என்பதை. டெக்சஸ் கடனாளிக்குச் சாதகமான ஊர். குடியிருக்கும் வீட்டைப் பிடிக்க முடியாது. ஓய்வுக்காலச் சேமிப்பான 401(கே)-யும் அப்படியே. சாதாரண கோர்ட் தீர்ப்புக்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்ய முடியாது. குழந்தைப் பராமரிப்பு, வரிப் பாக்கி மாதிரி சில விஷயங்களுக்குத்தான் அது உண்டு. ஆனால் அதே சம்பளம் பேங்க் கணக்கில் விழுந்த பிறகு அதை முடக்கலாம். பங்குச்சந்தைக் கணக்கு, வாடகைக்கு விட்டிருக்கும் இரண்டாவது வீடு, இவை திறந்தவெளி. கையில் ஒன்றும் இல்லாதவரிடம் வக்கீல் நேரத்தை வீணாக்க மாட்டார். பாலிசித் தொகையை வாங்கிக்கொண்டு, ‘வேறு சொத்து இல்லை’ என்று ஒரு பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு முடித்துவிடுவார். மினிமம் பாலிசி க்ளெய்ம்களில் நான் கண்ட முடிவு பெரும்பாலும் இதுதான். கணவன் மனைவி இருவரும் ஐடியில் வேலை பார்த்து, இரண்டு பங்குச்சந்தைக் கணக்கு வைத்திருக்கும் வீடு வேறு கதை. யாரோ நண்பர் ‘எல்லாவற்றையும் மனைவி பெயருக்கு மாற்றிவிடு’ என்றாராம், எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். டெக்சஸில் திருமணத்துக்குப் பின் சேர்த்தது பொதுவாக இருவருடைய சொத்து. போதாததற்கு, க்ளெய்ம் வந்த பிறகு சொத்தை மாற்றினால் அதை மோசடி மாற்றம் என்று கோர்ட் ரத்து செய்யலாம்.

எஸ்ஆர்-22 பற்றி நிம்மதியாக இருங்கள். அது இன்சூரன்ஸே இல்லை. ‘இவருக்கு மினிமம் பாலிசி இருக்கிறது’ என்று உங்கள் கம்பெனி டெக்சஸ் பொதுப் பாதுகாப்புத் துறைக்கு, அதாவது டிபிஎஸ்-ஸுக்கு, அனுப்பும் ஒரு சான்றிதழ். இன்சூரன்ஸ் இல்லாமல் இரண்டாவது முறை தண்டனை பெற்றவர்கள், குடித்துவிட்டு ஓட்டி லைசென்ஸ் இழந்தவர்கள், விபத்துத் தீர்ப்பைக் கட்டாமல் விட்டவர்கள், இவர்களிடம்தான் கேட்பார்கள். இரண்டு வருடம் விடாமல் வைத்திருக்க வேண்டும். நடுவில் பாலிசி நின்றால் கம்பெனி எஸ்ஆர்-26 என்ற இன்னொரு தாளை அனுப்பிக் காட்டிக்கொடுத்துவிடும். விபத்தன்று உங்களிடம் பாலிசி இருந்ததால் இப்போது இது எதுவும் உங்களுக்கு இல்லை. தீர்ப்பு வந்து, அதைக் கட்டாமல் 60 நாள் கடந்தால் லைசென்ஸ் போகும் வாய்ப்பு உண்டு. அதற்கும் விதிவிலக்குகள் இருக்கின்றன, அந்த நிலை வந்தால் வக்கீல் பார்த்துக்கொள்ளட்டும்.

பாலிசியே இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை, ஏனென்றால் இதைப் படிப்பவர்களில் ‘போன மாசம் ஆட்டோபே ஃபெயில் ஆகிடுச்சு, அப்புறம் பார்க்கலாம்’ என்று இருப்பவர்கள் நிச்சயம் உண்டு. போலீஸ்காரர் உங்களிடம் கார்டு கேட்பதற்கு முன்பே டெக்சஸ்ஷூர் என்ற டேட்டாபேஸில் பார்த்துவிடுவார். முதல் முறை அபராதம் 175-லிருந்து 350 டாலர். அடுத்த முறை 350-லிருந்து 1,000, லைசென்ஸும் போகலாம். நிறுத்தப்பட்ட பிறகு வீட்டுக்கு வந்து அவசரமாக வாங்கும் பாலிசி செல்லாது. அந்த நேரத்தில் இருந்ததா என்பதுதான் கேள்வி. க்ரீன் கார்டு விண்ணப்பத்தில் ‘சைட்’ செய்யப்பட்டதுண்டா, அதாவது போலீஸ் டிக்கெட் வாங்கியதுண்டா என்றும் கேட்கிறார்கள். கோர்ட்டில் முடிந்த தாளைப் பத்திரமாக வையுங்கள், எப்படி எழுதுவது என்பதைக் குடியேற்ற வக்கீலிடம் விடுங்கள்.

கேள்வியின் கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள்: பிரீமியம் குறைய மனைவியை ‘எக்ஸ்க்ளூட்’ செய்தாராம், அதாவது பாலிசியிலிருந்து விலக்கினாராம் ஏஜென்ட், மனைவி இன்னும் ஓட்டப் பழகிக்கொண்டிருக்கிறாராம். எனக்கு உங்கள் விபத்தைவிட இது கவலையாக இருக்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட்டது அநேகமாக 515ஏ என்ற படிவம். அதில் பெயர் இருப்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்த நிமிடம் அந்த வண்டிக்குப் பாலிசி இல்லாத மாதிரிதான். எதிராளிக்கு 30,000-மும் கிடையாது, உங்கள் காருக்கு ஒரு பம்பரும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் அனுமதியோடு ஓட்டினால்கூட வழக்கமாகப் பாலிசி வண்டியோடு போகும். சொந்த மனைவி ஓட்டினால் போகாது. மால் பார்க்கிங்கில் ஞாயிற்றுக்கிழமை காலை பழக்குகிறோம், பத்து மைல் வேகம்தானே என்று ஒருவர் என்னிடம் சொன்னார். வண்டிகளுக்கிடையே ட்ராலி தள்ளிக்கொண்டு வந்த ஒரு வயதானவர் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பத்து மைல் வேகம்தான். அந்தக் க்ளெய்மை நான் மறுத்துக் கடிதம் எழுதினேன், வேறு வழி எனக்கில்லை. இன்றே ஏஜென்ட்டைக் கூப்பிட்டு அந்த எக்ஸ்க்ளூஷனை நீக்கச் சொல்லுங்கள். நீக்கியதற்கு எழுத்தில் அத்தாட்சி வரும்வரை சாவியை மனைவியிடம் கொடுக்காதீர்கள்.

விபத்துக்குப் பிறகு இருப்பதாக நீங்கள் எழுதிய கழுத்து வலிக்கு வருகிறேன். உங்கள் தப்பாகவே இருந்தாலும் உங்கள் மருத்துவச் செலவுக்கு ஒரு வழி இருக்கலாம். டெக்சஸில் பிஐபி, அதாவது பெர்சனல் இன்ஜுரி ப்ரொடெக்ஷன், வேண்டாம் என்று எழுத்தில் மறுக்காதவரை பாலிசியில் இருப்பதாகவே சட்டம் கொள்ளும். குறைந்தது 2,500 டாலர். ஆன்லைனில் வாங்கும்போது எதையெதையோ டிக் செய்திருப்பீர்கள், அதில் மறுப்பும் போயிருக்கலாம். ‘நான் கையெழுத்திட்ட மறுப்புப் படிவத்தை அனுப்புங்கள்’ என்று கம்பெனியிடம் கேளுங்கள். அவர்களால் காட்ட முடியாவிட்டால் உங்களுக்குப் பணம் வர வேண்டும். வண்டியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும், தப்பு யாருடையதாக இருந்தாலும், பிஐபி கொடுக்கும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஹூஸ்டன் மீனாட்சி கோயிலுக்குப் போகிறீர்கள் என்றால் இதை மறக்காதீர்கள். அவர்களுடைய விசிட்டர் இன்சூரன்ஸில் டிடக்டிபிளும் (முதலில் நம் கையிலிருந்து கட்டும் தொகை) வரம்பும் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பிஐபி 10,000 வைத்திருந்தால் முதல் நாள் எமர்ஜென்சி பில்லுக்காவது கைகொடுக்கும். அவர்கள் மாலையில் நடக்கப் போன இடத்தில் வேறு வண்டி இடித்தால் உங்கள் பிஐபி கொடுக்குமா என்பது சண்டைக்குரிய விஷயம். பாலிசியில் ‘குடும்ப உறுப்பினர்’ என்றால் அந்த வீட்டில் குடியிருப்பவர் என்று வரையறை இருக்கும். ஆறு மாத விசாவில் வந்தவர் குடியிருப்பவரா விருந்தாளியா என்பதில் இரண்டு பக்கமும் வாதம் உண்டு, அட்ஜஸ்டருக்கு அட்ஜஸ்டர் முடிவு மாறும்.

இன்னொன்று, அன்இன்ஷ்யூர்ட் மோட்டாரிஸ்ட். உங்களை இடித்தவனிடம் பாலிசி இல்லாவிட்டாலோ, உங்களைப் போலவே மினிமம் மட்டும் வைத்திருந்தாலோ, உங்கள் கம்பெனியே உங்களுக்குக் கொடுப்பது. டெக்சஸில் இதையும் எழுத்தில் மறுத்தால்தான் நீக்க முடியும். பிரீமியத்தைக் குறைக்க வேண்டும் என்றால் கொலிஷன் டிடக்டிபிளை 500-லிருந்து 1,000 ஆக்குங்கள், ரெண்டல் காருக்கான கவரேஜை நீக்கிவிடுங்கள்; அன்இன்ஷ்யூர்ட் மோட்டாரிஸ்ட்டைத் தொடாதீர்கள்.

எவ்வளவு எடுப்பது? என்னிடம் வருகிறவர்களுக்கு 100/300/100-க்குக் கீழே எழுத நான் விரும்புவதில்லை. வீடும் சேமிப்பும் சேர்ந்துவிட்டால் 250/500/100, அதற்கு மேல் 10 லட்சம் டாலருக்கு அம்ப்ரெல்லா, அதாவது கார் பாலிசியின் வரம்பு தீர்ந்த பிறகு கைகொடுக்கும் தனிப் பாலிசி. வரம்பு மூன்று மடங்கானால் பிரீமியமும் மூன்று மடங்காகும் என்று பயப்படுகிறார்கள். ஆகாது. க்ளெய்ம்களில் பெரும்பகுதி சின்னத் தொகைதான் என்பதால் முதல் 30,000-க்குத்தான் விலை அதிகம், மேலே போகப்போக அடுக்குகள் மலிவு. ஆன்லைனில் இரண்டையும் போட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும். இது நடந்து முடிந்த விபத்துக்கு உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்; இன்று ஏற்றினால் இன்றிலிருந்துதான்.

கலிஃபோர்னியா. அங்கே போய்ச் சேர்ந்ததிலிருந்து பத்து நாளுக்குள் லைசென்ஸுக்கும் இருபது நாளுக்குள் வண்டிப் பதிவுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். டெக்சஸ் பாலிசியை அங்கே குடியேறிய பிறகும் வைத்துக்கொண்டு ஓட்டுவது முகவரியை மறைத்ததாகிவிடும். 1967-லிருந்து 15/30/5 என்று கிடந்த அங்குள்ள மினிமம், 2025 ஜனவரியில் 30/60/15 ஆனது. 2035-ல் 50/100/25 ஆகும். பாருங்கள், ‘இருக்கிற மாதிரியே மினிமம் கொடு’ என்று கேட்டால் உங்கள் சொத்துச் சேத வரம்பு 25,000-லிருந்து 15,000-க்கு இறங்கிவிடும், அதுவும் தெருவெல்லாம் டெஸ்லா நிற்கும் ஊரில். அங்கே கிரெடிட் ஸ்கோரை வைத்துப் பிரீமியம் போட முடியாது, புதிதாக வந்தவர்களுக்கு அது நல்லது. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டி, அடுத்தவன் தப்பினாலேயே அடிபட்டாலும், வலி வேதனைக்கு நஷ்டஈடு கேட்க முடியாது என்று 1996-ல் வாக்கெடுப்பில் சட்டமாக்கிவிட்டார்கள். யாருக்காவது அடிபட்டாலோ சேதம் 1,000 டாலரைத் தாண்டினாலோ 10 நாளுக்குள் எஸ்ஆர்-1 என்ற படிவத்தை அந்த ஸ்டேட்டின் மோட்டார் வாகனத் துறையான டிஎம்வி-க்கு அனுப்ப வேண்டும், போலீஸ் வந்திருந்தாலும் சரி. இவையெல்லாம் இனிமேல் நடப்பவற்றுக்கு. பழைய விபத்து உங்களோடு பயணம் செய்யும் விதம்தான் முக்கியம்: டெக்சஸ் கோர்ட்டில் உங்கள்மேல் வரம்பைத் தாண்டித் தீர்ப்பானால், அதைக் கலிஃபோர்னியா கோர்ட்டில் பதிவு செய்து அங்கே வசூலிக்கலாம். கலிஃபோர்னியாவில் சம்பளப் பிடித்தம் உண்டு. டெக்சஸ் கொடுத்த அந்தப் பாதுகாப்பு எல்லை தாண்டி வராது. வேலை மாற்றத்தைத் தள்ளிப் போடச் சொல்லவில்லை, வக்கீலைப் பார்க்கும்போது ஜனவரிப் பயணத்தை முதல் வரியிலேயே சொல்லுங்கள் என்கிறேன்.

மற்ற ஸ்டேட்களைப் பற்றிக் கீழே யாராவது கேட்பார்கள், அதனால் சுருக்கமாக: ஃபுளோரிடாவில் சாதாரண ஓட்டுநருக்கு அடுத்தவர் காயத்துக்கான இன்சூரன்ஸே கட்டாயமில்லை, 10,000 பிஐபியும் 10,000 சொத்துச் சேதமும்தான், அங்கே இருப்பவர்கள் அன்இன்ஷ்யூர்ட் மோட்டாரிஸ்ட் இல்லாமல் ரோட்டில் இறங்குவது தைரியம்தான். நியூ ஜெர்சியில் ‘வழக்குப் போடும் உரிமை வரம்புக்குட்பட்டது’ என்ற கட்டத்தை டிக் செய்தால் பிரீமியம் குறையும், கூடவே நிரந்தரமான அல்லது கடுமையான காயம் இல்லாதவரை வலி வேதனைக்குக் கேட்கும் உரிமையும் போகும். படித்துவிட்டு டிக் செய்யுங்கள்.

உங்களுக்கு இந்த வாரம் இருக்கும் வேலை இவ்வளவுதான். எதிர்த்தரப்பு வக்கீலோ அவர்கள் அட்ஜஸ்டரோ கூப்பிட்டால் உங்கள் க்ளெய்ம் நம்பரைக் கொடுத்துவிட்டு வைத்துவிடுங்கள், மன்னிப்புக் கேட்கும் நம் வழக்கத்தை அங்கே காட்ட வேண்டாம். உங்கள் கம்பெனி கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள். ஒத்துழைக்கவில்லை என்று ஃபைலில் ஏறினால் பாலிசிக்கே ஆபத்து. காயத்துக்கு வழக்குப் போட அவர்களுக்கு இரண்டு வருடம் இருக்கிறது, அதனால் ஆறு மாதம் அமைதியாக இருந்தால் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாள் யாராவது கதவைத் தட்டி ‘சைட்டேஷன்’, அதாவது கோர்ட் சம்மன், என்று ஒரு காகிதக் கட்டைக் கையில் கொடுத்தால் அந்த உறையின்மேல் தேதியையும் நேரத்தையும் எழுதி, படம் எடுத்து, அன்றைக்கே உங்கள் அட்ஜஸ்டருக்கு அனுப்பிவிடுங்கள். டெக்சஸில் மாவட்டக் கோர்ட் வழக்கென்றால், கையில் கிடைத்து 20 நாள் முடிந்து அடுத்து வரும் திங்கட்கிழமை காலை 10 மணிக்குள் பதில் தாக்கலாக வேண்டும். கம்பெனி வைக்கும் வக்கீல்தான் அதைச் செய்வார், ஆனால் அந்தக் கட்டு உங்கள் சமையலறை மேஜையில் கிடப்பது அவருக்குத் தெரிய வழியில்லை.